வெந்த நண்டின் சிரிப்பு

எல்லம்மாவின் வலது கைக் கட்டைவிரல் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் போனது. டிப்போ முதலாளி லோகநாதன் நஷ்டஈட்டை மூவாயிரத்தில் ஆரம்பித்தான். எல்லம்மா பத்தில் நின்றாள். கட்டுப் போட்ட கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே அவள் பேரம் பேசியதைப் பழவேற்காட்டு மீன் மார்க்கெட்டே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

"வெரலு முழுசாதான கீது எல்லம்மா? துண்டா பூட்ச்சா இன்னா?"

"மடங்காத வெரலு இருந்தா இன்னா, பூட்டா இன்னா? உன் வெரல ஒருவாட்டி நண்டாண்ட குடுத்துட்டு வந்து பேசு மொதலாளி."

அவன் ஐந்துக்கு ஏறினான், இவள் எட்டுக்கு இறங்கினாள். நடுவில் வெட்டி ஆறரை. லோகநாதன் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது அவன் முகத்தில் லாபம் பார்த்தவனின் சாந்தம் இருந்தது. எல்லம்மாவுக்கு அது போதும், அந்த ஆளை ஆயுசுக்கும் மதிக்காமல் இருக்க.

லோகநாதனின் நண்டு டிப்போவில் அவள் இருபத்திரண்டு வருஷம் நண்டு கட்டினாள். ஏரியிலிருந்து வரும் சேற்று நண்டை முதுகில் கால் வைத்து அமுக்கி, இரண்டு கொடுக்கையும் மடக்கி, பச்சை நைலான் கயிற்றால் குறுக்கே இழுத்து முடிச்சுப் போடவேண்டும். கட்டாத நண்டு கூடைக்குள் மற்ற நண்டின் காலை ஒடிக்கும். கால் ஒடிந்த நண்டு ஏற்றுமதிக்கு விமானம் ஏறாது. நிமிஷத்துக்கு மூன்று கட்டுவாள் எல்லம்மா. கட்டுவதற்கு முன் வயிற்றுப் பக்கம் ஓர் அமுக்கு. கல் போல இருந்தால் சதை நண்டு, முதல் ரகம். அமுங்கினால் தண்ணி நண்டு. ஓடு மாற்றிய புதிதில் உள்ளே சதையே இல்லாமல் தண்ணீர் மட்டும் கட்டிக்கொண்டு திரியும் வெற்று ஓடு. அதைக் கழித்து வீசிவிடுவார்கள். தெரியாமல் ஒன்று கூடையில் போய்விட்டால் அன்றைய கூலியில் பிடித்தம். அப்படிப் பிடித்தம் விழுந்ததில்லை அவளுக்கு. ஐப்பசியில் ஒன்றேகால் கிலோ ஆண் நண்டு ஒன்று கயிற்றுக்குள்ளிருந்து கொடுக்கை உருவி அவள் கட்டைவிரலைப் பிடித்தது. பிறகு அந்த விரல் குச்சி மாதிரி நின்றது. மடங்கவில்லை, வலிக்கவும் இல்லை.

கட்டைவிரல் இல்லாமல் நண்டு கட்ட முடியாது. சிறுவயதில் செய்தது போல ஓலைக்கூடைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு ஏரியில் தவழ்ந்து இறால் தடவலாம் என்றால், சேற்றுத் தண்ணீர் பட்டால் கையையே எடுக்கவேண்டி வரும் என்று பொன்னேரி டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார். லோகநாதன் பெரிய மனது பண்ணி ஒரு வேலை தருவதாகச் சொல்லி அனுப்பினான். டிப்போவைப் பெருக்கும் வேலை, பாதிக் கூலிக்கு. தான் கட்டிய நண்டுகளின் உதிர்ந்த காலைத் தானே பெருக்கி அள்ளுவது.

அப்போதுதான் மிஷின் வந்தது.

சென்னையிலிருந்து ஒரு அறக்கட்டளை. அதன் சார்பில் இந்திராணி மேடம். மீனவப் பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்று சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மிஷின் ஒன்றை எல்லம்மாவின் ஊரான தோணிரேவுக்குக் கொண்டுவந்து இறக்கினாள். ஊரில் மற்ற வீடுகளில் விளக்குப் போட்டால் மின்விசிறி நின்றுவிடும். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருந்த தளம் போட்ட வீடு எல்லம்மாவுடையது. ஆகவே மிஷின் அங்கே நின்றது. கட்டிலை வெளியே போட்டுவிட்டு எல்லம்மாவும் அவள் புருஷன் சுப்பனும் மூலையில் படுத்தார்கள்.

மேடம் போட்ட கண்டிஷன் ஒன்றுதான். ஒரு பொம்மைக் கடைக்கு நூற்றிருபது நண்டு பொம்மை. திங்கட்கிழமை வந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். பன்னிரண்டு வரை கழிவு போகலாம். அதற்கு மேல் ஒன்று போனாலும் மிஷின் காட்டூர் குழுவுக்குப் போய்விடும்.

"காட்டூர்காரிங்க நெல்லு நடறவளுங்க, அவளுங்களுக்கு நண்டப் பத்தி இன்னா தெரியும்?" என்றாள் எல்லம்மா.

"நமக்கு பொம்மையப் பத்தி இன்னா தெரியும்க்கா?" என்றாள் ஜமுனா. சுப்பனுடைய தம்பி பெண்டாட்டி, பத்தாவது வரை படித்தவள். மிஷின் ஓட்டப் பயிற்சி எடுத்தது அவள்தான்.

மிஷினின் திரையில் நண்டு வந்தது. எல்லம்மா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். சிவப்பு நண்டு. பெரிய கண், கண்ணுக்கு இமைமுடி, வாய் நிறையச் சிரிப்பு.

"இன்னாடி இது?"

"நண்டுக்கா."

"உசுரோட கீற நண்டு எங்கடி செவப்பா கீது? வெந்தாதான செவக்கும்?"

"டிசைன் அப்டி."

"வெந்துகினு கீது, அதுக்கு சிரிப்பு வேற. இத்த வரைஞ்சவன் நண்ட கொழம்புலதான் பாத்துகிறான்."

என்றாலும் மிஷின் வேலை செய்த விதத்தை அவளால் இகழ முடியவில்லை. முயன்று பார்த்தாள். ஜமுனா வளையத்தில் தாளை இறுக்கிப் பூட்டுவாள். ஊசி முதலில் நண்டின் வரைகோட்டை மட்டும் தைத்துவிட்டு நின்று கூப்பிடும். அதன்மேல் சிவப்புத் துணியை விரித்தால் கண்ணும் சிரிப்பும் தைத்து மறுபடி நிற்கும். அப்புறம் முதுகுத் துணியைக் கவிழ்த்துப் போட்டால், சுற்றிலும் தைத்து, இரண்டு விரல் அளவுக்கு ஒரு வாய் மட்டும் விட்டுவிட்டு ஓய்ந்துவிடும். வெட்டி எடுத்து, அந்த வாய் வழியாக உட்புறத்தை வெளியே புரட்டினால் நண்டு. அடைபடாத நண்டு. பஞ்சு அடைத்து வாயைக் கையால் தைத்து மூடுவது எல்லம்மாவின் வேலை.

"ஒரு பொம்பள பத்து மாசம் பண்ற வேலைய இருவது நிமிசத்துல பண்ணுது, ஆனா உள்ள ஒண்ணும் இல்ல" என்றாள் சுப்பனிடம்.

மார்கழி வாடை ஏரிமேலிருந்து வீசிக்கொண்டிருந்தது. மழைத் தண்ணீர் வந்து சேர்ந்ததில் ஏரி உப்புக் குறைந்து கலங்கலாகக் கிடந்தது. சுப்பன் காலையில் இறங்கி மத்தியானம் நடுங்கிக்கொண்டு வருவான். அரைக்கிலோ இறாலும் நாலு நண்டும். இறாலில் கையளவு எடுத்து முருங்கைக்கீரையில் போட்டுக் கிண்டி, கூழோடு சாப்பிடுவார்கள். சாப்பிட்டுக்கொண்டே அவன் பொம்மைகளைப் பார்ப்பான்.

"இத்த யாரு வாங்குவா மே?"

"கொக்கு பாக்க வராங்களே, அந்த மாரி ஆளுங்க. காசு இருக்கும், கண்ணு இருக்காது."

முதல் நண்டில் மேடம் சொன்ன அளவுக்குப் பஞ்சு வைத்தாள். இடது கையால் வயிற்றை அமுக்கினாள். விரல் உள்ளே போயிற்று. அவளுக்கு உடம்பு கூசியது.

"தண்ணி நண்டுடி."

"மேடம் தலகாணி மாரி இருக்கணும்னாங்கக்கா."

"என் கையில தண்ணி நண்டு வெளிய போவாது."

தென்னங்குச்சியை எடுத்து, கொடுக்கு நுனி வரை குத்திக் குத்திப் பஞ்சை ஏற்றினாள். கால்களில் ஏற்றினாள். வயிற்றில் இடம் இல்லாதபோதும் ஏற்றினாள். மறுபடி அமுக்கினாள். கல். மனது சமாதானமாகி வாயைத் தைத்து மூடினாள். மூடியதும் கை தானாகப் பரண்மேல் கிடந்த பச்சை நைலான் கயிற்றைத் தேடியது. பொம்மையைத் தரையில் வைத்து முதுகில் கால் வைத்தாள். கொடுக்கை மடக்கி, இடது கையாலும் பல்லாலும் இழுத்துக் குறுக்கே கட்டினாள். இரண்டு மாதமாகக் கட்ட முடியாத முடிச்சு விழுந்தது. இந்த நண்டு திமிறவில்லை.

"கட்டவும் வேணுமாக்கா?"

"கட்டாம எந்த நண்டு ஊர வுட்டு போயிகீது? சொல்லு பாப்போம்."

ஜமுனாவும் அந்த ஊரில் பிறந்தவள்தான். அப்படி ஒரு நண்டு போய் அவளும் பார்த்ததில்லை.

புதன்கிழமை லோகநாதன் வந்தான். பெருக்கும் வேலைக்குப் பதில் கேட்க வந்ததாகச் சொன்னான். உண்மையில் மிஷினைப் பார்க்க வந்திருந்தான். ஊருக்குள் எது புதிதாக வந்தாலும் அதில் தனக்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடாமல் அவனால் தூங்க முடியாது.

"இன்னா எல்லம்மா, நண்டு யாவாரத்துல எனக்கே போட்டியா?"

"உன்னோடது நாறும் மொதலாளி. இது நாறாது."

அவன் சிரித்துக்கொண்டே குவியலிலிருந்து ஒன்றை எடுத்தான். கயிற்றை இழுத்துப் பார்த்தான். பிறகு, முப்பது வருஷப் பழக்கம், வயிற்றுப் பக்கம் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்கினான். அமுங்கவில்லை. கையில் நிறுத்தித் தூக்கிப் பார்த்தான்.

"நூத்தம்பது கிராமு. மொதல் ரகம்" என்றான், தன்னை அறியாமல். உடனே சுதாரித்துக்கொண்டு, "துணிய வெச்சி ஊர ஏமாத்துங்க" என்று பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போனான்.

எல்லம்மா அவன் போன திசையை ஒருமுறை பார்த்தாள். அந்தக் கஞ்சன் வாயிலிருந்து முதல் ரகம் என்ற சொல்லை அவள் இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதைச் சொன்னால் விலை ஏறிவிடும் என்று சொல்லமாட்டான். அன்று அவள் இன்னும் இறுக்கமாக அடைத்தாள்.

வியாழக்கிழமை காலை மூட்டைக்குள் கை விட்டால் மூட்டையின் அடி தட்டுப்பட்டது. பஞ்சு தீர்ந்துவிட்டது. கட்டிய நண்டு அறுபத்து நான்கு. ஜமுனா மிஷினில் முன்னாலேயே ஓட்டி வைத்திருந்த வெறும் தோல்கள் ஐம்பத்தாறு, வாயைத் திறந்துகொண்டு பாய்மேல் தட்டையாகக் கிடந்தன. ஐம்பத்தாறும் சிரித்துக்கொண்டிருந்தன.

"பழைய வலைய வெட்டி அடைச்சிடலாமா?" என்றான் சுப்பன்.

"மூடு. நாத்தம் புடிச்ச நைலான கொயந்த வாயில வைக்கும்."

"அப்ப மண்ணு?"

"யோவ், நீ ஏரிக்கு போ."

ஜமுனா போன் போட்டாள். பஞ்சு இன்னும் ஒரு மூட்டை வேண்டும் என்றாள். மத்தியானம் இந்திராணி மேடம் காரிலேயே வந்துவிட்டாள். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பொம்மையை எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள்.

"ஏம்மா இது இவ்வளவு ஹார்டா இருக்கு? செங்கல் மாதிரி?"

"சதை நண்டு மேடம். அமுக்கிப் பாருங்க. ஒண்ணுகூட அமுங்காது."

"அமுங்கணும்மா! இது குழந்தைங்க கட்டிப்பிடிச்சுத் தூங்குற பொம்மை."

எல்லம்மாவுக்கு முதலில் தான் சரியாகக் கேட்டோமா என்றே சந்தேகமாக இருந்தது.

"நண்ட கட்டிப்புட்ச்சிகினு தூங்குமா? எந்த ஊரு கொயந்த மேடம் அது?"

"எல்லா ஊர்லயும்தான். மெத்துனு இருக்கணும். ஒண்ணுக்கு எண்பது கிராம்னு நிறுத்துத்தானே அனுப்பினேன்? ஒன்பது கிலோ அறுநூறு கிராம். நூத்தியிருபதுக்கும் சரியா வரும்."

"எம்பது கிராமு வெச்சா தண்ணி நண்டு. எங்க ஊர்ல அத்த கழிச்சி வீசுவாங்க."

"எங்க ஊர்ல அதைத்தான் வாங்குவாங்க." மேடம் கயிற்றைத் தொட்டாள். "இது என்ன, கையைக் கட்டிப் போட்டிருக்கீங்க? பார்த்தா குழந்தைக்கு மனசு கஷ்டமா இருக்காதா?"

"கட்டலன்னா கொயந்தைக்கு வெரலு கஷ்டமா இருக்கும்." எல்லம்மா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மேடம் அந்த விரலைப் பார்த்தாள். அதன் கதை அவளுக்குத் தெரியும். முதல் நாளே எழுதி வாங்கிப் போட்டோவும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். குரல் இறங்கியது. ஆனால் கண்டிஷன் இறங்கவில்லை. "அம்மா, வேற பஞ்சு கிடையாது. கடைக்காரங்க திங்கட்கிழமைக்கு மேல ஒரு நாள்கூட தரமாட்டாங்க. எல்லாத்தையும் பிரிச்சு, கயித்தை அவுத்து, பஞ்சைப் பங்கு போடுங்க. முடியலைன்னா இப்பவே சொல்லுங்க, காட்டூர்ல ரெடியா இருக்காங்க."

கார் போன பிறகு எல்லம்மா அந்தக் குவியலின் முன் உட்கார்ந்தாள். ஜமுனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பிரிக்கலாமாக்கா?"

"நெனச்சிப் பாருடி. உள்ள ஒண்ணும் இல்லாத நண்டுக்காக எம்மாம் பேரு என் கையில திட்டு வாங்கிகிறான். நம்ம மாமனாரு கொண்டாந்தா கூட வீசிகிறேன். பட்டணத்துல அதுக்குத்தான் மொத வெலையாம். நாம தெரியாம போயி சதை நண்டா வித்துகினு கீறோம்."

"பிரிக்கலாமா, வேணாமா?"

"லோகநாதனாண்ட தொடப்பம் புடிக்கறதுக்கு பதிலா இந்த முட்டாளுங்களுக்கு தண்ணி நண்டு விக்கலாம். கத்திரிய எட்றீ."

அறுபத்து நான்கு முடிச்சையும் அவளே அறுத்தாள். ஜமுனாவைத் தொடவிடவில்லை. பிறகு தையலைப் பிரித்து, ஒவ்வொன்றிலிருந்தும் எழுபது கிராம் உருவினாள். தராசு கிடையாது, கை போதும். உருவும்போது ஒவ்வொரு நண்டையும் ஒரு வசவு வைதாள். பேமானி என்றாள், சோமாறி என்றாள், வெந்த முண்டம் என்றாள். அவை எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டன.

வெள்ளி, சனி, ஞாயிறு. நூற்றிருபது வாயையும் தைத்து மூடவேண்டும். கரண்டு போனாலும் கவலையில்லை, இது கைவேலை. வாசல் வெயிலில் பாய் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு துணியையும் சேர்த்துப் பிடித்து ஊசியைத் தள்ள ஒரு வலுவான விரல் வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தவள், செத்த கட்டைவிரலை ஊசியின் பின்னால் வைத்துத் தள்ளினாள். ஊசி உள்ளே போயிற்று. விரலிலும் கொஞ்சம் போயிற்று. வலிக்கவில்லை.

"பாத்தியா, வேலைக்கு வந்துடுச்சி" என்றாள் ஜமுனாவிடம். அந்த விரல்மேல் கூட அவளுக்குப் பெரிய மதிப்பு வந்துவிடவில்லை. சனிக்கிழமை அதில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக்கொண்டாள், துணியில் ரத்தம் படக்கூடாது என்பதற்காக.

ஞாயிறு சாயங்காலம் நூற்றிருபதாவது வாய் மூடியது. சுப்பன் ஒன்றை எடுத்து அமுக்கிப் பார்த்தான். விரல் முட்டி வரை போனது.

"அய்ய" என்றான்.

"அதேதான். வெச்சிடு."

திங்கட்கிழமை பத்து மணிக்கு இந்திராணி மேடம் வந்து பாய்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வலப்பக்கம் தேறியது, இடப்பக்கம் கழிவு. ஒவ்வொன்றையும் எடுத்து, தையலைப் பார்த்து, கன்னத்தில் வைத்து, இரண்டு கையாலும் அமுக்கினாள். ஜமுனா சுவரில் சாய்ந்து நின்று உதட்டுக்குள் எண்ணினாள். எல்லம்மா மேடத்தின் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அமுக்குகிற விதத்தை வைத்து அந்தக் கை ஒரு நாளும் நண்டு பிடித்ததில்லை என்று தெரிந்தது.

இருபது வரை ஒன்றும் கழியவில்லை. அப்புறம் கழிய ஆரம்பித்தது. ஒன்றில் தையல் வெளியே தெரிகிறது. ஒன்றில் கொடுக்கு சுருங்கியிருக்கிறது. குச்சி குத்திய இடத்தில் துணி நைந்திருக்கிறது. ஐந்து. எட்டு. எழுபதாவது நண்டில் பத்து. தொண்ணூற்றாறில் பன்னிரண்டு.

சுப்பன் எழுந்து வெளியே போய் ஏரியைப் பார்த்து நின்றுகொண்டான்.

பிறகு வந்தவை எல்லாம் வலப்பக்கம் போயின. நூறு. நூற்றுப் பத்து. ஜமுனாவின் உதடு நின்றுவிட்டது. நூற்றுப் பத்தொன்பதும் வலப்பக்கம். பாய்மேல் ஒரே ஒரு நண்டு இருந்தது. மேடம் அதை எடுத்தாள். தையலைப் பார்த்தாள், தலையாட்டினாள். கன்னத்தில் வைத்தாள். சிரித்துக்கொண்டே, "இது நல்லா வந்திருக்கும்மா" என்று சொல்லி, இரண்டு கையாலும் அமுக்கினாள்.

டப் என்று பக்கத் தையல் விட்டது. பஞ்சு மேடத்தின் மடியில் கொட்டியது.

மேடம் வருத்தத்தோடுதான் அதை இடப்பக்கம் வைத்தாள். "பதிமூணு" என்றாள்.

எல்லம்மா அதை எடுத்து மேடத்தின் மடியிலேயே திரும்ப வைத்தாள்.

"இது உங்களுது."

"என்னம்மா?"

"நண்டு யாவாரத்துல ஒரு மொற கீது மேடம். தராசுலேந்து வாங்கறவன் கையில எடுத்துட்டா, அப்பால அது செத்தா அவன் கணக்கு. விக்கறவன் கணக்குல வராது. லோகநாதன மாரி திருடனே இதுல வாயத் தொறக்க மாட்டான். ஊருக்கே தெரியும், கேட்டுப் பாருங்க."

"இது நண்டு இல்லம்மா. பொம்மை."

"நா ஒண்ணு கேக்கறேன். உங்க கைக்கு வந்தப்ப நல்லா இருந்துச்சா, இல்லியா?"

மேடம் மடியில் கொட்டிய பஞ்சைப் பொறுக்கினாள்.

"நல்லா வந்துகீதுனு சொன்னது யாரு? நானா?"

"நான்தான் சொன்னேன்."

"சொன்ன பொறவு அமுக்குனது யாரு?"

மேடம் மடியிலிருந்த நண்டைப் பார்த்தாள். வயிறு பிளந்தும் அது சிரித்துக்கொண்டிருந்தது. ஜமுனாவைப் பார்த்தாள். ஜமுனா கூரையைப் பார்த்தாள். வாசலில் சுப்பன் திரும்பி நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். டிப்போக்காரனிடம் இருபத்திரண்டு வருஷம் பேசிப் பழகிய வாய்க்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமான மேடம் எவ்வளவு நேரம் தாங்குவாள்? பேனாவைத் திறந்தாள்.

"எப்படி எழுதறது இதை?"

"நா சொல்றேன், நீங்க எய்துங்க" என்றாள் எல்லம்மா. மேடத்தின் தோளுக்கு மேலாக எட்டி நின்றுகொண்டாள். படிக்கத் தெரியாது; எண் தெரியும்.

வந்தது நூற்றிருபது. தேறியது நூற்றேழு. கழிந்தது பன்னிரண்டு. மேடம் கையில் செத்தது ஒன்று.